சென்னபட்டணத்துக்கு இறங்கும் வழி

முனிராஜ் அந்தச் சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தான். ஆனால் ஒருநாள்கூட அதில் பயணம் போனதில்லை.

மைசூரிலிருந்து பெங்களூருக்குப் போகிற எக்ஸ்பிரஸ் சாலைதான். சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து கிளம்பிப் போன கம்பி கட்டும் செட்டில் அவனும் ஒருவன். மத்தூருக்கு அப்பால் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகும் பாலங்களுக்குக் கம்பி வளைத்து, கட்டி, அதன்மேல் காங்கிரீட் விழுகிறவரை கூடவே நின்று, பிறகு அடுத்த தூணுக்குப் போய்விடுவார்கள். தார் போடுகிறவர்கள் வருவதற்குள் அவன் செட்டுக்கு வேலை முடிந்துவிட்டது. மைசூரில் அடுக்குமாடிக் கட்டட வேலை கிடைத்ததும், ஊரிலிருந்த மனைவி வடிவையும் மகள் ஜீவிதாவையும் அழைத்துவந்து அங்கேயே கேசரே பகுதியில் குடிவைத்தான்.

சாலை திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க பைக்கில் போனான். நுழைகிற இடத்திலேயே ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பைக், ஆட்டோ, டிராக்டர் என்று வரிசையாகப் படம் போட்டு, உள்ளே வரக்கூடாது என்று சிவப்புக் கோடு இழுத்திருந்த போர்டைக் காட்டினார்.

"நான் கட்டுன ரோடுங்க சார்" என்று முனிராஜ் கன்னடத்தில் சொன்னான்.

"நான்கூடத்தான் டாக்ஸ் கட்டினேன். வண்டியைத் திருப்பு" என்றார் அவர்.

அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டான். இந்த மே மாதம் வடிவின் தம்பி ஹேமந்துக்குச் சென்னபட்டணத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தபோதுதான் அதற்கு வழி பிறந்தது. ஹேமந்த் மைசூரில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. செகண்ட் ஹேண்ட் ஆல்டோ வாங்கி மூன்று மாதம். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் வந்துவிடுங்கள் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

எட்டேகாலுக்குக் கிளம்பினார்கள். ஹேமந்த் ஓட்ட, முனிராஜ் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் வடிவும், எட்டாவது முடித்து லீவிலிருந்த ஜீவிதாவும். இருவருக்கும் நடுவில் பழத்தட்டும் மல்லிகைப் பந்தும்.

"மாப்ள, நெதானமாப் போ. பொண்ணு எங்கீயும் ஓடிப் போயிராது" என்றான் முனிராஜ்.

"எண்பதைத் தாண்ட மாட்டேன் மச்சான். போன் சொல்ற வழியில போறேன், அவ்வளவுதான்" என்றான் ஹேமந்த். போனைக் கண்ணாடிக்குக் கீழே ஸ்டாண்டில் பொருத்தியிருந்தான். அதன்மேல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

ஜீவிதாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. வழியில் வந்த ஒரு போர்டையும் விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். "நிதானவாகி சலிசி. மாமா, மெதுவாப் போகணுமாம். முந்தெ சேதுவெ. பிரிட்ஜ் வருதாம்." முனிராஜுக்கும் வடிவுக்கும் கன்னடம் பேச வரும், எழுத்து மட்டும் தெரியாது. அதனால் மகள் படிக்கப் படிக்க, ஊரே புதிதாகத் தெரிந்தது அவர்களுக்கு.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைத் தாண்டும்போது முனிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினான். "ஜீவி, இந்தப் பாலத்தப் பாரு."

"நீங்க கட்டினதாப்பா?"

"இல்ல. தண்ணி எவ்வளவு கொறஞ்சு போச்சு, அதப் பாருன்னேன்."

மண்டியாவுக்கு ஒதுக்குப்புறமாகப் போனபோது பாலங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஜீவிதா, "இது?" என்று கேட்டாள். "இது வேற செட்டு", "இது ராஜஸ்தான்காரங்க", "இது தெரியல" என்றே சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில் வடிவுக்கே பொறுக்கவில்லை.

"ஏனுங்க, மூணு வருசம் அங்க இருந்தீங்களே, ஒண்ணாவது கட்டுனீங்களா இல்லீங்களா?"

"வரும் வரும். சித்தப் பொறு புள்ள."

மத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சீட் பெல்ட்டைச் சரிசெய்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். நீளமான ஒரு பாலம் மெல்ல மேலேறிக் கண்முன் விரிந்தது.

"இது எங்களுது" என்றான்.

கார் பாலத்தில் ஏறியது. சீரான இடைவெளியில் டக்... டக்... என்று சக்கரத்துக்குக் கீழே ஓசை. பாலத்தின் இணைப்புகள் அவை. ஒவ்வொரு டக்குக்கும் முனிராஜ் விரல் மடக்கினான். இரண்டு பக்கமும் இடுப்புயரச் சுவர், மேலே வானம், தூரத்தில் தென்னந்தோப்புகளின் தலைகள். வேறு ஒன்றும் இல்லை. தூண்கள் கீழே இருந்தன. அவன் கட்டிய கம்பிகளோ தூண்களுக்கும் உள்ளே. பாலம் முடிந்து கார் சமதரைக்கு வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றான்.

"நாப்பத்தோரு செகண்ட்ப்பா" என்றாள் ஜீவிதா. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"பதினாலு மாசம் கட்டுனோம்!" முனிராஜ் திரும்பிப் பாலத்தைப் பார்த்தான். அது அதற்குள் ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கியிருந்தது. அவன் முகம் கொஞ்சம் வாடியது. வடிவுக்கு அது கண்ணில் பட்டது.

"அலுங்காமப் போச்சுங்க. மடில வெச்ச தண்ணிகூடத் தளும்பல" என்றாள். அவள் மடியில் தண்ணீர் எதுவும் இல்லை. இருந்தாலும் அவனுக்கு அது போதுமாயிருந்தது.

சென்னபட்டணம் நெருங்கும்போது சிக்கல் வந்தது. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் பிதுங்கி, ஒரு வைக்கோல்போரே நகர்வதுபோல. ஹேமந்த் அதைத் தாண்டத் தைரியம் வராமல் அதன் பக்கவாட்டிலேயே வந்தான். அப்போது பார்த்து, வெயிலில் கொதித்துக் கிடந்த போன் தானாக அணைந்துவிட்டது.

"மாமா, போர்டு!" என்று ஜீவிதா கத்தினாள். வைக்கோலுக்கு மேலே பச்சைப் பலகையின் ஒரு மூலைதான் அவளுக்குத் தெரிந்தது. லாரி முன்னால் நகர்ந்து வழி விட்டபோது, சென்னபட்டணத்துக்கு இறங்கும் பாதை அவர்களுக்குப் பின்னால் போயிருந்தது.

ஹேமந்த் காரை ஓரம்கட்டி நிறுத்தினான். நெற்றியில் வியர்வை. "எரநூறு மீட்டர்தான் மச்சான். அப்படியே பின்னால எடுத்துடறேன்" என்று கியரில் கை வைத்தான்.

முனிராஜ் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ரிவர்ஸ் போட்டீன்னா நாங்க மூணு பேரும் எறங்கி நடந்தே போயிருவோம். பொண்ணு பாக்க நீ மட்டும் போ."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெரிய பஸ் ஹார்ன் அடித்தபடி பக்கத்தில் பறந்தது. கார் ஒருமுறை ஆடி நின்றது. பின்சீட்டில் பழத்தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சு உருண்டு விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. ஹேமந்த் கியரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அடுத்த எக்ஸிட் ராமநகரம் மச்சான். போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள பத்தரை தாண்டிரும்" என்றான். 

"அக்கா வீட்டுக்காரன் கட்டுன ரோடுடா இது. ஓட்டு" என்றான் முனிராஜ். "அஞ்சாறு கிலோமீட்டர்ல ஒரு ஏரி வரும். அதத் தாண்டி எடதுபக்கம் எறங்கறதுக்கு ஒரு ராம்ப் போட்டோம். நாங்க கெளம்பறப்ப மண்ணக் கொட்டி அடச்சு வெச்சிருந்தாங்க. இந்நேரம் தொறந்திருக்கோணும்."

"தொறக்கலைன்னா?"

"தொறக்கலைன்னா ராமநகரத்துல ராகுகாலத்தக் கழிச்சுட்டு வரலாம்."

கார் மறுபடி கிளம்பியது. இப்போது நாலு பேரும் சாலையையே பார்த்தார்கள். ஐந்து கிலோமீட்டர் போனார்கள். ஏரியைக் காணோம். ஆறாவது கிலோமீட்டரில் வெடித்துக் காய்ந்த ஒரு பெரிய பள்ளம் வந்தது. அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இதா?" என்றான் ஹேமந்த்.

முனிராஜுக்கு நிச்சயமில்லை. அவன் பார்த்தபோது தண்ணீர் இருந்தது. சாலை நடுவே இந்தச் செடிகள் இல்லை. பெரும்பாலும் எல்லாவற்றையும் அவன் கீழேயிருந்துதான் பார்த்திருந்தான். கழுத்தை நீட்டி வலதுபக்கம் பார்த்தான். தூரத்தில் ஒரு குன்று. அதன் உச்சியில் ஒரு பாறைமேல் இன்னொரு பாறை, இட்லிமேல் இட்லி வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"இதேதான்! ஒண்ணர வருசம் அந்தப் பாறையப் பாத்துட்டுத்தான் சோறு தின்னேன். இது எப்ப உளுகும்னு எங்க செட்டு பழனிமுத்து தெனமும் கேப்பான். மாப்ள, எடதுபக்கமாவே போ. ஜீவி, போர்டப் பாத்துட்டே வா."

ஜீவிதா முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். புதராக வளர்ந்திருந்த அரளிச் செடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை தெரிந்தது. "நிர்கமன! எக்ஸிட், எக்ஸிட்! மாமா, லெஃப்ட்!"

மண்ணும் இல்லை, தடுப்பும் இல்லை. வழுவழுவென்று தார் போட்ட ராம்ப் வளைந்து கீழே இறங்கியது. ஹேமந்த் இண்டிகேட்டர் போட்டுப் பரீட்சைக்கு ஓட்டுகிறவன்போல அதில் இறங்கினான். வடிவு கை தட்டினாள். தட்டிவிட்டு அவளே வெட்கப்பட்டாள்.

கீழே சர்வீஸ் ரோடு இரண்டாகப் பிரிந்தது. எது சென்னபட்டணத்துக்குப் போகிறது என்று தெரியவில்லை. பாலத்தடியில், நிழலாக ஒரு டீக்கடை. ஹேமந்த் காரை நிறுத்தி வழி கேட்டான். கடையிலிருந்த நடுவயதுப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தவள், பக்கத்து சீட்டைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முனியண்ணா! நீவேனா? நீங்கதானா?"

வேலை நடந்தபோது செட்டுக்கெல்லாம் டீ கொண்டுவந்து தந்த மாதேவி. கன்னடக்காரி. ராமாபுரத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பிடித்துக்கொண்டவள். முனிராஜ் இறங்கிக் கும்பிட்டான். அவள் அதைக் கவனிக்காமல் காருக்குள் எட்டிப் பார்த்தாள். வடிவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"இவங்கதானா கேக்குதா அம்மா?"

"என்ன அம்மாங்க?" என்றாள் வடிவு.

"உங்க பேரே அதுதான் இங்க! தினமும் சாயங்காலம் ஏழு மணியானா இந்த அண்ணா மேலே நின்னுக்கிட்டு, 'கேக்குதா? வடிவு, கேக்குதா?'ன்னு கத்துவாரு. இந்த ஜாகாவுல எங்கயும் டவர் சிக்காதம்மா. மேலே ஒரு மூலையில மட்டும்தான் சிக்கும். வேலை முடிச்சு எல்லாரும் சோத்துக்கு உக்காருவாங்க, இவரு மட்டும் ஏணி ஏறுவாரு. எங்க ஆளுங்க எல்லாம், 'கேக்குதா அம்மாவுக்கு போன் டைம் ஆச்சு'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

வடிவு காரிலிருந்து இறங்கினாள். மாதேவி கை காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தாள். நாலு மாடி உயரம் இருக்கும். அங்கே சுவர்கூட அப்போது இருந்திருக்காது.

அந்த போன்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. எப்போது பேசினாலும் 'ஹோ' என்று காற்றுச் சத்தம்; பாதிப் பேச்சில் அறுந்துபோகும். எவனுடைய பைக்கிலோ ஏறி ஊர் சுற்றிக்கொண்டே பேருக்கு ஒரு போன் போடுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்காக ஒரு வாரம் போனை எடுக்காமலே இருந்தாள். அந்த ஒரு வாரமும் அவன் ஏணி ஏறித்தான் இருப்பான்.

"ஏனுங்க" என்றாள், மேலேயே பார்த்துக்கொண்டு. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா ஏறாதீங்கன்னு சொல்லியிருப்ப" என்றான் முனிராஜ்.

வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி மாதேவிக்குக் கொடுத்தாள். மாதேவி டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். மணி பத்தடிக்கப் போகிறது என்று ஹேமந்த் கெஞ்சியதும், பாலத்துக்கு அடியில் புகுந்து வலதுபக்கம் திரும்பினால் பழைய ரோடு வரும் என்று வழி சொல்லி அனுப்பினாள்.

பத்து இருபதுக்குப் பெண் வீட்டை அடைந்தார்கள். பெண்ணின் அப்பா சித்தையன் வாசலிலேயே காத்திருந்தார். பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். பழைய மைசூர் ரோட்டோரத்தில் முப்பது வருடமாக டிபன் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. கடையில் எட்டு மேஜைகள். ஒன்றில்கூட ஆள் இல்லை.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "வழியெல்லாம் சிரமமில்லாம வந்தீங்களா?" என்று கேட்டார். அவர்கள் பதில் சொல்வதற்குள் அவரே தொடங்கிவிட்டார். "என்ன ரோடு போட்டானுங்களோ போங்க. முன்னெல்லாம் பெங்களூர் போற காரு பூராவும் நம்ம வாசல்ல நிக்கும். காலையில மட்டும் நானூறு இட்லி போகும். இப்ப எல்லாரும் தலைக்கு மேல பறந்து போயிடறாங்க. அந்தப் பாலத்தைக் கட்டுனவன் மட்டும் என் கையில சிக்குனா..."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் ஹேமந்துக்குப் புரையேறியது. வடிவு மெதுவாகக் கணவனின் காலை மிதித்தாள். ஜீவிதா அப்பாவையே பார்த்தாள். பேசாமல் இருந்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். முனிராஜால் முடியவில்லை. மேலே ஒரு நாளும் கள்ளவேலை செய்யாமல் கம்பி கட்டியவன். கீழே உட்கார்ந்து சும்மா இருக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"நான்தானுங்க கட்டுனது" என்றான். "முழுசும் இல்லீங்க. உங்க தலைக்கு மேல இருக்கிற ரெண்டு பாலம்."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. "அஷ்வினி!" என்று பெண்ணின் அம்மா பாக்கியலட்சுமி அதட்டுவதும் கேட்டது.

சித்தையன் எழுந்து உள்ளே போனார். ஹேமந்த், எல்லாம் முடிந்தது என்பதுபோல அக்காவைப் பார்த்தான். ஆனால் இரண்டே நிமிடத்தில் அவர் ஒரு பெரிய தட்டோடு திரும்பி வந்தார். ஆவி பறக்க இட்லி, நாலு வடை, கெட்டிச் சட்னி. அதை முனிராஜுக்கு முன்னால் வைத்தார்.

"மொதல்ல சாப்பிடுங்க. பாலம் கட்டுனவரே எறங்கி வந்து நம்ம கடையில சாப்பிட்டாருன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கறேன். எப்படி எறங்குனீங்க? எக்ஸிட்டுலயா?"

"அத விட்டுட்டமுங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் புது ராம்ப்புல."

"அது தொறந்து ரெண்டு மாசம் ஆகுது. அதுல எறங்கறவங்களுக்கு எங்க என்ன இருக்குன்னே தெரியாதே. நேரா ஊருக்குள்ள போயிடறாங்க."

முனிராஜ் வடையைப் பிட்டு வாயில் போட்டான். மென்றுகொண்டே யோசித்தான். "அண்ணா, வடை இப்படி இருக்கிறப்ப ஒரு போர்டு வெச்சா ஆகாதுங்களா? ரோட்டுல வெச்சா புடுங்கிப் போட்டுருவாங்க. ராம்ப்புக்கு அடியில டீக்கட வெச்சிருக்கிற மாதேவியம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி. அவிய கடச் செவுத்துல மாட்டலாமுங்க."

அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த விஷயமே மறந்துபோய்ப் பேச்சு போர்டைப் பற்றி ஆகிவிட்டது. என்ன எழுதுவது, எந்த மொழியில், எவ்வளவு பெரிதாக. சித்தையன் கடை வரலாற்றையே எழுதச் சொன்னார். காபி கொண்டுவந்த அஷ்வினி அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற பெண்.

"அப்பா, கார்ல போறவங்க ரெண்டு செகண்டுதான் பாப்பாங்க. வடைன்னு எழுதி, ஒரு வடை படம் போட்டு, எத்தனை கிலோமீட்டர்னு போட்டா போதும்."

"மேப்லயும் போடணும்" என்றான் ஹேமந்த். அன்றைக்கு அவன் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. போன் அதற்குள் குளிர்ந்து உயிர் பெற்றிருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கடை எங்கே வருகிறது என்று அதில் தேடினார்கள். கடையின் பெயரை அவள் கன்னடத்தில் தட்டினாள். அவன் வாசலுக்குப் போய்ப் படம் எடுத்துவந்தான்.

"வர்ற வழியில ரிவர்ஸ் எடுக்கப் பாத்தீங்களாமே?" என்றாள் அஷ்வினி, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஹேமந்த் ஜீவிதாவை முறைத்தான். ஜீவிதா கூரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றான். "தப்புதான். மச்சான் கையப் பிடிக்கலைன்னா எடுத்திருப்பேன்."

"இனிமே எடுக்காதீங்க."

அதில் இருந்த 'இனிமே' வீட்டிலிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. பாக்கியலட்சுமி வடிவைப் பார்த்தாள். வடிவு பழத்தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ராகுகாலம் பிறந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று சித்தையனுக்கு அப்போதுதான் உறைத்தது. போகட்டும், பேச்சு பத்தரைக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது அல்லவா என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. போர்டை ஹேமந்தே தகரத்தில் பெயிண்ட் அடித்து எழுதுவதாக ஏற்றுக்கொண்டான். ஒரே நாளில் முடிகிற வேலை. அவனோ அதற்காக நாலு ஞாயிற்றுக்கிழமை சென்னபட்டணத்துக்குப் போனான். வடை படம் சரியாக வரவில்லை, அஷ்வினி திருத்தச் சொல்கிறாள் என்பான்.

ஜூன் கடைசியில் ஒருநாள் மத்தியானம், முனிராஜ் மைசூரில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது சித்தையனிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலுமாக இருந்தது.

"தம்பி, ரெண்டு வண்டி நெறையா ஆளுங்க வந்திருக்காங்க! குடகுக்குப் போயிட்டுப் பெங்களூருக்குத் திரும்பறவங்களாம். டீ குடிக்க ராம்ப்புல எறங்கி, மாதேவியம்மா கடையில போர்டப் பாத்துட்டு வந்தாங்களாம். வடை தீந்து போச்சு, மறுபடி மாவு ஆட்டிட்டு இருக்கறோம். அப்புறமா கூப்பிடறேன், வெச்சிடட்டுமா?"

"வெய்யிங்க, வெய்யிங்க. மொதல்ல அவங்களக் கவனிங்க" என்றான் முனிராஜ். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவனிடம், தன் மச்சினனுக்கு மாமனாராகப் போகிறவர் கடையில் இன்றைக்கு நல்ல வியாபாரம் என்று சொல்லிவிட்டு, வடிவு கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் பாதியை அவன் பக்கம் தள்ளினான்.